ஆணியில்லா நாற்காலி

தச்சர் சங்கத்துப் பெரிய நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ரசமட்டத்தின் வாழ்நாள் ஆசை. ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாராவது ஒருவர் எதிர்ப்பார், எதிர்ப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும், பதில் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும். சாயாமலிருப்பதில் அவர் பேர் போனவர். பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுகிற கருவி ஒன்று எல்லாத் தச்சரிடமும் இருக்கும். அதற்குப் பெயர் ரசமட்டம். சங்கத்தில் எந்தச் சண்டை வந்தாலும் இவர் அந்தக் குமிழியைப் போல நடுவில் போய் நின்றுகொண்டு, "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்பார். திருடனையும் திருட்டுக் கொடுத்தவனையும் முன்னால் நிறுத்தினாலும் அதைத்தான் சொல்வார் என்று பட்டறைகளில் பேசிக்கொள்வார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அப்படிச் செயலாளராகவே இருந்து தலை நரைத்தது. இந்த வருடம் தலைவராக ஆசைப்பட்ட மற்றவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டு ஓய்ந்த பிறகு, யாருக்கும் பகையில்லாத ஆள் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மூலையில் இவர் இருந்தார். போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஆனால் தேர்ந்தெடுத்தால் மட்டும் தலைவராகிவிட முடியாது. நாற்காலியில் உட்கார வேண்டும்.

சங்கத்தைத் தொடங்கிய முதல் தலைவர் தன் கையாலேயே செய்த நாற்காலி அது. அகலமான கைகள், உயரமான முதுகு, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் கம்பீரம். இரும்பு என்று அதில் ஒரு குண்டூசி கூடக் கிடையாது. கால்களில் துளைகள்; அந்தத் துளைகளுக்குள் இறுக்கமாக நுழைகிற நாக்குகள் சட்டங்களின் நுனியில். தச்சர்கள் அதைக் குடுமி என்பார்கள். குடுமி நழுவாதபடி குறுக்கே ஒரு மர முளை. அவ்வளவுதான். ஆணி அடிப்பது கத்துக்குட்டிகள் வேலை, மரத்தை மரமே பிடித்துக்கொள்ளும்படி செய்பவன்தான் தச்சன் என்று முதல் தலைவர் சொன்னாராம். அந்த வாக்கியம் அவருடைய படத்துக்குக் கீழே எழுதி மாட்டப்பட்டிருந்தது. படம் ஆணியில் தொங்கியது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

புதுத் தலைவர் அந்த நாற்காலியில் உட்காருவார். பழைய தலைவர் பக்கத்தில் நின்று பேசுவார். பேச்சு முடிந்ததும் புதுத் தலைவர் உட்கார்ந்தபடியே உறுதிமொழி படிப்பார். அவர் உட்காரும் நொடியில் மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுக்கும். நாற்காலி முனகக் கூடாது. எந்தத் தலைவர் உட்கார்ந்தபோதும் அது முனகியதில்லை. அது அவர்களுடைய பெருமை.

பதவியேற்புக்குச் சில நாட்கள் முன்பு, மத்தியான வேளையில், மண்டபத்தில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து ரசமட்டம் உள்ளே போனார். காரணம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து பழகப் போனார். எந்தக் கையை முதலில் ஊன்றுவது, வேட்டியை எப்படி ஒதுக்குவது, முகத்தை எங்கே திருப்புவது என்றெல்லாம் படுக்கையில் யோசித்து வைத்திருந்தார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். காலி பெஞ்சுகள் அவரைப் பார்த்தன. மெல்லக் கையூன்றி இறங்கினார். பாதி பாரம்கூட வைத்திருக்க மாட்டார். பின்காலுக்கு மேலே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. முனகல் இல்லை. காய்ந்த ரொட்டியைப் பிட்டால் வருமே, அந்தச் சத்தம்.

துள்ளி எழுந்தார். குனிந்து பார்த்தார். பின்காலின் பக்கத்தில் தரையில் ஒரு சிட்டிகை மாவு கிடந்தது. வெளிர் மஞ்சள், புத்தம் புதுசு. விரலில் தொட்டு உரசிப் பார்த்தார். 

அந்த மாவு எந்தத் தச்சருக்கும் தெரிந்த மாவுதான். மரத்துக்குள் புழு இருந்து தின்று தள்ளுகிற தூள். பழைய தூள் கறுத்திருக்கும். இது வெளுத்திருந்தது, உள்ளே இன்னும் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் அன்று அவர் வாயைத் திறக்கவில்லை. பேசாமலிருப்பது அவருக்குப் புதிதல்ல. ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருப்பதற்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர் மனைவிக்குத் தெரியும். கிண்டிக் கிளறி விஷயத்தை வாங்கிவிட்டாள். 

"ஏங்க, நீங்க அதுமேல உட்காரப் போறீங்களா, இல்ல அது உங்கமேல உட்காரப் போகுதா?"

 எல்லோரிடமும் உண்மையைச் சொல்லி, நாற்காலியைப் பிரித்துச் சரிபார்த்துவிட வேண்டியதுதானே என்றாள். அங்கேதான் சிக்கல். இப்போது பதவியிலிருந்து இறங்குகிறவர், கடைசல் பட்டறை வைத்திருப்பவர், இவருக்குச் சம்பந்தி. இவர்கள் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. ஆணியில்லா நாற்காலி அவர் காலத்தில் உளுத்துப்போனது என்று இவர் வாயால் சொன்னால், சொன்ன வார்த்தை மண்டபத்தோடு நிற்காது, மகள் புழங்குகிற வீட்டுக்குள்ளும் போகும்.

"பொண்ணு அங்க வாழுது, வாஸ்தவம்தான்," என்றாள் அவள். "அதுக்காக நீங்க இங்க விழணுமா?"

ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அவர் அதைச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

மறுநாள் சம்பந்தி வீட்டுக்குப் போனார். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். வெயிலைப் பற்றிப் பேசினார், மர விலையைப் பற்றிப் பேசினார், பேரப்பிள்ளைக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசினார். கடைசியில், வாசல்படி வரை வந்த பிறகு, நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று பட்டும் படாமலும் கேட்டார். சம்பந்தி அவருடைய தோளில் கை வைத்தார்.

"அதுல பாக்க என்ன இருக்கு சம்பந்தி? உட்கார்றவங்க ஒழுங்கா உட்கார்ந்தா அது பாட்டுக்கு நிக்கும்."

அந்தப் பதிலை அவர் வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தார். அதில் ஏதோ ஒன்று பல்லில் கடிபட்டது. என்னவென்று பிடிபடவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. நினைக்கவே கூச்சமாக இருந்தது. நினைத்த பிறகு நினைக்காமலும் இருக்க முடியவில்லை. பின்காலையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும்படி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நீளமாக ஒரே ஒரு திருகாணி. யாருக்குத் தெரியப் போகிறது? விழா முடிந்ததும் கழற்றிவிடலாம். இப்படித் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மைத்துனனைத் துணைக்குக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி, பாலிஷ் வேலைக்காரன். நாற்காலிக்கு வருடா வருடம் பாலிஷ் போடுகிறவனும் அவன்தான்.

மத்தியானம் மண்டபத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ரசமட்டம் பின்காலின் உட்பக்கத்தில் இடம் குறித்து, கைத்துளைப்பானை வைத்துச் சுற்றினார். மேலே இருந்த கெட்டிக் கட்டையைத் தாண்டியதும் முனை வெண்ணெயில் போவது போல இறங்கியது. அப்புறம் கிரீச் என்று எதிலோ முட்டி நின்றது.

இரும்பு.

கொஞ்சம் தள்ளி வைத்துச் சுற்றினார். அங்கேயும் இரும்பு. மைத்துனன் தலையைச் சொறிந்தான். ரசமட்டம் உளியின் நுனியால் சட்டத்தின் அடிப்பக்கத்தை மெதுவாகச் சுரண்டினார். துளையை அடைக்க நிறம் சேர்த்து ஒட்டிய சின்ன மரக் குமிழ் ஒன்று பெயர்ந்து வந்தது. உள்ளே பளபளவென்று பித்தளைத் திருகாணியின் தலை. பித்தளையைப் போடுகிற ஆள் ஊரில் ஒருவர்தான். படகு கட்டியவர், தண்ணீருக்குப் பயந்தே பழகியவர், எப்போதோ தலைவராக இருந்தவர். இன்னொரு இடத்தைச் சுரண்டினார். வழவழவென்று உருண்டையாகக் கடைந்த குமிழ், அதற்குள் எஃகுத் திருகாணி. அது யாருடைய கடைசல் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சம்பந்தி கடைந்து கொடுத்த கட்டிலில் அதே குமிழ்கள் இருந்தன. முன்பக்க மூட்டில் கட்டிலுக்குப் போடுகிற போல்ட். கைக்கு அடியில், வெட்டிச் சிறிதாக்கிய கதவுக் கீல். ஒவ்வொரு தலைவரும் தன் தொழிலில் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல், தன் காலம் வரைக்கும் தாங்கினால் போதும் என்று உள்ளே விட்டு மூடியிருந்தார். ஆணி அடிப்பது கத்துக்குட்டிகள் வேலை என்று சுவரிலிருந்த படம் சொல்லிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா மாப்ள?" என்று கேட்டார்.

மைத்துனன் மழுப்பவில்லை. வருடா வருடம் புதுசு புதுசாகக் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் வருமாம். அவன் மெழுகு வைத்து அடைத்து மேலே மெருகு ஏற்றிவிடுவானாம்.

"ஓட்டை தெரிஞ்சா அடைக்கிறதுக்குப் பேருதானே மாமா பாலிஷ்," என்றான்.

ஓட்டை என்பது புழு உள்ளே போகிற வழி அல்ல. சாப்பிட்டு முடித்து, வண்டாகி, வெளியேறுகிற வழி. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவன் திறந்துவிட்ட கதவை இவன் வருடா வருடம் அக்கறையாகச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறான். அதை அவனிடம் சொல்லிப் பயனில்லை.

ஆனால் ரசமட்டத்தை உண்மையில் உட்கார வைத்தது அடுத்துப் பார்த்த விஷயம். இவ்வளவு கம்பீரமான மரத்தைப் புழு எப்படித் தின்றது என்பது அவருக்குப் புரியாமலிருந்தது. கால்கள் நல்ல வைரம் பாய்ந்த கட்டை. புழு அதைப் பல்லாலும் தொடாது, தொடவுமில்லை. விரிந்த மூட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சட்டத்தின் வெளிமுகம் சிவந்த வைரம். ஆனால் துளைக்குள் மறைந்திருக்கிற குடுமி, மரப்பட்டைக்கு ஒட்டினாற்போலிருக்கும் வெள்ளைச் சதை. முளைகளும் அதே வெள்ளை. புழுவுக்கு வேண்டிய சத்தெல்லாம் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. வெளியே மெருகு போட்ட இடத்தில் வண்டு முட்டையிடாது. மூட்டுக்குள் மெருகு போடுவார் யாருமில்லை. விருந்துக்கு இலை போட்டு அழைத்தது போல எல்லாம் செய்து வைத்தவர் முதல் தலைவரேதான். நல்ல கட்டையை வெளியே தெரிகிற பக்கம் திருப்பிவிட்டு, மட்டமான பக்கத்தைக் குடுமியாகச் செதுக்கிச் சொருகியிருக்கிறார். மூட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

குடுமி இருந்த இடத்தில் இப்போது குடுமி உருவத்தில் மாவு இருந்தது. அத்தனை திருகாணிகளும் அந்த மாவைப் பிடித்துக்கொண்டிருந்தன. நேராகப் பாரம் வைத்தால் கால்கள் கொஞ்சம் தாங்கும். பின்னால் சாய்ந்தால் அந்த நெம்புதல் முழுக்க மூட்டில்தான் விழும், மூட்டில் ஒன்றுமில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம்.  அவரோ தன் திருகாணியை எடுத்து, இரும்பு இல்லாத ஓர் இடமாகத் தேடி, திருக ஆரம்பித்தார். அது பிடிக்கவேயில்லை, சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டேயிருந்தது. வாசலில் யாரோ வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. குமிழ் வைத்து மூட நேரமில்லை. கறுப்பு மெழுகை அப்பிவிட்டு நாற்காலியை நிமிர்த்தினார்கள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்னாள் தலைவர்கள் முதல் வரிசையில். ரசமட்டத்தின் மனைவி ஓரத்தில், மகளோடு. அவருக்குள் ஒரு திட்டம் இருந்தது, பிழைப்புக்கு வேறு வழியில்லாதவனின் திட்டம். உட்கார்ந்த மாதிரி இருப்பது, ஆனால் உட்காராமலிருப்பது. கைகளில் கொஞ்சம், தொடைகளில் மிச்சம் என்று பாரத்தைத் தானே சுமந்துகொண்டு, நாற்காலியைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருப்பது.

கையூன்றினார். இறங்கினார். மண்டபம் மூச்சை அடக்கியது. நாற்காலி முனகவில்லை. கைதட்டல் எழுந்தது.

சம்பந்தி பேச ஆரம்பித்தார். நேரத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. சங்கத்தின் வரலாறு, முதல் தலைவரின் கை, அந்தக் கையிலிருந்த உளி, இது நாற்காலி இல்லை நம்முடைய மானம் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. ரசமட்டத்தின் தொடை முதலில் சூடானது, பிறகு மரத்தது, பிறகு நடுங்கத் தொடங்கியது. முதுகு நேராக, சாயாமல், வழக்கம்போல. வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது. முதுகெலும்பின் அடியிலிருந்து ஒரு வலி கிளம்பி மேலே நடந்து வந்தது. மக்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் முதல் வரிசையைப் பார்த்தார். முன்னாள் தலைவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போல்ட் போட்ட கட்டில்காரர் தன்னையறியாமல் தன் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கீல் வைத்த கதவுக்காரர் இரக்கத்தோடு லேசாகத் தலையாட்டினார்.

அவருக்குப் புரிந்தது. இவர்களில் ஒருவரும் இதில் உட்கார்ந்ததில்லை. நாற்காலி ஏன் முனகவில்லை என்றால், அதன்மேல் யாருமே இருந்ததில்லை.

சம்பந்தி பேச்சுக்கு நடுவே தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர் காதருகே குனிந்தார்.

"முட்டிய இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க சம்பந்தி, வலி குறையும்," என்றார் தாழ்ந்த குரலில். உண்மையான பரிவோடுதான் சொன்னார். "பழகிடும்."

இன்னும் கொஞ்ச நேரம்தான். பல்லைக் கடித்துக்கொண்டால் பேச்சு முடிந்துவிடும். உறுதிமொழி படித்து எழுந்தால் அவரும் தலைவர். அடுத்த விழாவில் முதல் வரிசையில் இடம். எவனாவது ஒருவன் இப்படி நடுங்கும்போது அவனுடைய முழங்காலைப் பார்த்துத் தலையாட்டலாம். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது இதற்குத்தான். அவர் அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். பழகிடும். எல்லாம் பழகித்தான் இருந்தது அவருக்கு. நடுவில் நிற்பது, சாயாமலிருப்பது, வாயெடுத்து மூடிக்கொள்வது. இப்போது உட்காராமல் உட்காருவதும்.

"மரத்தை மரமே பிடிச்சு நிக்குது பாருங்க," என்று சம்பந்தி கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டினார்.

ரசமட்டம் தொடையைத் தளர்த்தினார். முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்தார். பிறகு பின்னால் சாய்ந்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. உளுத்த மரம் சத்தமாக உடையாது. நாற்காலி ஒரு பக்கமாக மடிந்து, அலுத்துப்போன மாடு படுப்பது போல அவரோடு சேர்ந்து படுத்துவிட்டது. மாவு புகையாக எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. திருகாணிகள், போல்ட், கீல் எல்லாம் ஒவ்வொன்றாக மேடையில் விழுந்து உருண்டன.

 மனைவி எழுந்து நின்றுவிட்டாள். அவர் கையசைத்து ஒன்றுமில்லை என்றார். சம்பந்திதான் முதலில் சுதாரித்தார். இத்தனை இரும்பும் இதில் எப்படி வந்தது, மத்தியான வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு இங்கே வேலை பார்த்தது யார் என்று பாலிஷ்காரனைப் பார்த்துக் கேட்டார். பாலிஷ்காரன் தன் மாமாவைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது.

ரசமட்டம் தரையில் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் கிடந்த துண்டு ஒன்றிலிருந்து தன் திருகாணியைப் பிடுங்கினார். கையாலேயே வந்தது.

"இது ஒண்ணு என்னோடது," என்றார். "மத்ததெல்லாம் அவங்கவங்க எடுத்துக்குங்க."

யாரும் அசையவில்லை. நாற்காலியே காணாமல் போனது போல முதல் வரிசை கூரையைப் பார்த்தது. அந்த மௌனம் எவ்வளவு நேரம் நின்றிருக்குமோ, படகுக்காரர் மட்டும் இல்லாமலிருந்தால். வயதான மனிதர், காது மந்தம், நடந்த பேச்சில் பாதி அவருக்கு விழவில்லை. எழுந்து, மேடையருகே வந்து, குனிந்து துழாவி, பித்தளைத் திருகாணியை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"இது என்னுது. பாருங்க, துரு ஏறல," என்று எல்லோருக்கும் காட்டினார். "இரும்பப் போட்டவன் எவன்யா? மரத்தோட வேல பாக்கத் தெரியாதவன்."

கட்டில்காரருக்கு அது பொறுக்கவில்லை. இரும்புதான், ஆனால் போல்ட். பித்தளை வளையும், போல்ட் வளையாது, இவ்வளவு நாள் நாற்காலியைத் தாங்கியதே அதுதான் என்று எழுந்து வந்தார். கதவுக்காரர் விடவில்லை. கீலை அவர் எவ்வளவு நேர்த்தியாக வெட்டிப் பதித்திருக்கிறார், ஒரு மயிரிழை வெளியே தெரிந்ததா என்று கேட்டார். ஆளாளுக்குத் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். யாருடைய குமிழ் நிறம் சேர்ந்திருக்கிறது, யார் மறைத்தது யாருக்குமே தெரியாமலிருந்தது என்று பேச்சு சூடு பிடித்தது. சம்பந்தி சற்று நேரம் விலகித்தான் நின்றார். யாரோ ஒருவர் வழவழவென்றிருந்த குமிழைத் தூக்கிப் பிடித்து, இதை யார் கடைந்தது, என்ன கை இது என்று வியந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அது நம்ம பட்டறை வேலைதான் என்றார்.

கடைசியில் ரசமட்டத்தின் கையிலிருந்த திருகாணியை வாங்கிப் பார்த்தார்கள். மழுங்கிய தலை, கோணலாகப் போன சுவடு. குமிழும் இல்லை; வெறும் மெழுகு. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போனது. எல்லோர் முகத்திலும் ஒரே வருத்தம். விழுந்ததில் யாருக்கும் வருத்தமில்லை, ஏமாற்றியதிலும் இல்லை. இப்படி அரைகுறையாகத் திருகுகிற ஆளையா தலைவராக்கினோம் என்றுதான்.

உறுதிமொழித் தாள் மேடையில் கிடந்தது. ரசமட்டம் அதை எடுத்துத் தூசி தட்டி, தரையிலிருந்தபடியே முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்து முடித்தார். யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. விதிப்படி அவர் தலைவராகிவிட்டார். அதைக் கவனித்தவள் அவர் மனைவி ஒருத்திதான். அவள் சிரிப்பை மறைக்க மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சம்பந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கை நீட்டினார்.

"எந்திரிங்க சம்பந்தி. எல்லாரும் பாக்கறாங்க."

ரசமட்டம் நீட்டிய கையைப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, காலை நன்றாக நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். சுவர் தாங்கியது.

"இருக்கட்டும் சம்பந்தி," என்றார். "இப்பத்தான் உட்கார்ந்திருக்கேன்."